பள்ளியில் சச்சரவு வந்தால்



"வாத்தியாருக்கு என்ன, பாடத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்தானே" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இடைநிலைப்பள்ளி ஆசிரியரின் பொழுதில் பெரும்பகுதி வழக்குத் தீர்ப்பதில் போகிறது என்பது வெளியே தெரிவதில்லை.

எங்கள் பொந்தியான் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜாவாவிலிருந்தும் சுலவேசியிலிருந்தும் வந்தவர்களின் வழிவந்த மலாய்க்காரர்கள், சீனர்கள், ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் நம் பிள்ளைகள் என எல்லாரும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். ஆறு ஆண்டு தமிழில் படித்த பிள்ளைக்கு இங்கே எல்லாப் பாடமும் மலாயில். அதற்காகவே ரிமூவ் வகுப்பு என்று ஓராண்டு வைத்தார்கள். ஆனாலும் கேலிக்குப் பதில் சொல்ல வாய் வராதபோது கை நீண்டுவிடுகிறது.

1983-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் மூன்று வாரமாகத் தாமதமாக வந்தான். வகுப்பில் தூங்கினான். ஒருநாள், "சோம்பேறி" என்று சொன்ன பையனை அடித்துவிட்டான். கட்டொழுங்கு ஆசிரியர் பெயரை எழுதிக்கொண்டார். மறுநாள் தகப்பனார் வேலை உடுப்போடு வந்து, "என் மகன் மேல் பிரம்பு பட்டால் நடப்பதே வேறு, அவனைப் பள்ளியை விட்டே நிறுத்திவிடுகிறேன்" என்று நடைபாதையில் நின்று சத்தம் போட்டார்.

நான் செய்தது பெரிய காரியமல்ல. "வாங்க அண்ணே, உட்கார்ந்து பேசுவோம்" என்று உள்ளே அழைத்துப்போய் நாற்காலி போட்டேன். பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் எந்தத் தகப்பனும் இறங்கி வரமாட்டார், ஆசிரியரும் அப்படித்தான். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. பிறகு, 1959-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளை எடுத்துச் சொன்னேன். தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்த ஆசிரியரோ தவிர வேறு யாரும் பிரம்பெடுக்க முடியாது. பெண்பிள்ளைகளை அறவே அடிக்கக் கூடாது. அதைக் கேட்டதும் அவர் குரல் தணிந்தது. அப்புறம்தான், "தம்பி எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறான்?" என்று கேட்டேன்.

உண்மை அப்போதுதான் வெளிவந்தது. தோட்டத்து லோரி வேலையாட்களைக் காட்டில் இறக்கிவிட்டுத்தான் பிள்ளைகளை ஏற்ற வந்தது. அதற்கு முன், விடியுமுன்பே எழுந்து, பையன் தாயாருக்கு உதவியாகப் பால்மரக் காட்டுக்கும் போய்வந்தான்.

தகப்பனாரைச் சமாதானப்படுத்தியதைவிடக் கட்டொழுங்கு ஆசிரியரைச் சமாதானப்படுத்தியதுதான் கடினமாக இருந்தது. என் வேலையில் தலையிட்டாய் என்று அவருக்குக் கோபம். மாணவர் முன் அவரோடு வாதாடாமல், ஓய்வு நேரத்தில் தேநீர்க் குவளையோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஒருவனை விட்டால் நாளைக்கு நாற்பது பேர் தாமதமாக வருவான்" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. தாமதத்தைப் பதிவது நிற்காது, ஆனால் காரணம் விசாரிக்காமல் தண்டனை இல்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

1974-இல் அமெரிக்காவில் கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்ற இருவர், சச்சரவில் மனிதர் நடந்துகொள்ளும் முறைகளை ஐந்தாக வகுத்தார்கள். அடித்துப் பிடித்து வெல்வது, ஒதுங்கிப்போவது, விட்டுக்கொடுப்பது, பாதிக்குப் பாதி உடன்படுவது, கூடியிருந்து இருவருக்கும் ஏற்ற வழி காண்பது. நம் பெரியவர்கள் பஞ்சாயத்தில் இவை ஐந்தையும் பார்த்திருக்கிறோம். இரண்டு பையன்கள் கையில் கல்லோடு நிற்கும்போது கூடியிருந்து பேச நேரமில்லை. முதலில் அதட்டிப் பிரிக்கத்தான் வேண்டும். நாங்களும் அந்த இருவரைத் தனித்தனியே விசாரித்து, மறுநாள்தான் ஒன்றாக உட்காரவைத்தோம்.

பெற்றோரே, கடிதம் வந்தால் பயந்து ஒளியாதீர்கள், கோபத்தோடும் ஓடிவராதீர்கள். வகுப்பாசிரியரை முதலில் பாருங்கள். மலாய் தடுமாறினால், பேசத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். இப்போது இடைநிலைப்பள்ளிகளில் ஆலோசக ஆசிரியர்களும் இருக்கிறார்கள். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும். அதையும் சண்டையாக்காமல், கையெழுத்துப் போட்டு எழுத்தில் கேளுங்கள்.

அந்தப் பையன் விஷயம் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. தலைமையாசிரியர் தோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். வாரத்தில் இரண்டு நாள் லோரி பிள்ளைகளை முதலில் ஏற்றியது. மற்ற நாட்களில், சோம்பேறி என்று சொன்ன அதே பையன் பெரிய சாலை முனையில் சைக்கிளோடு காத்திருந்து, அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தான். மழை நாளில் இருவருமே தாமதம். கட்டொழுங்கு ஆசிரியர் இருவர் பெயரையும் எழுதிக்கொள்வார்.