பத்தாயிரம் டாலரும் பன்னிரண்டு பாட்டும்



'ஊரை ஒன்று கூட்டுவது விளையாட்டா, பரிசுப் பணமா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். "லட்ச ரூபாய் பரிசுன்னு போர்டு வையுங்க, ஊரே வரும். சும்மா விளையாட வாங்கன்னு கூப்பிடுங்க, நாய்கூட வராது"ன்னார். (சிரிப்பு) நீங்களும் கைதட்டினீங்க. பரவாயில்லை, அந்தக் கைதட்டலை நான் திருப்பி வாங்கிக்கிறேன்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம். அதன் தலைநகரம் செயின்ட் பால். ஜனவரி மாதம் அங்கே மைனஸ் 20 டிகிரி வரைக்கும் போகும். நமக்கு மார்கழி மாசம் பால் வாங்கப் போறதுக்கே மஃப்ளர் வேணும். (சிரிப்பு) 1885-இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரர், இது சைபீரியா மாதிரி இருக்கு, குளிர்காலத்தில் மனுஷன் குடியிருக்க லாயக்கில்லைன்னு எழுதிட்டார். ஊர்க்காரங்களுக்கு ரோஷம் வந்துருச்சு. மறு வருஷமே, 1886-இல், அந்தக் குளிரிலேயே ஒரு திருவிழா எடுத்தாங்க. குளிர்காலத் திருவிழா. வசவையே விழாவாக்கின ஊர் அது.

அந்தத் திருவிழாவிலே 1952-லிருந்து ஒரு விளையாட்டு நடக்குது. ஊரிலோ, ஊரைச் சுற்றியுள்ள ராம்சே மாவட்டத்திலோ ஒரு பொதுப் பூங்காவில் புதையலை ஒளிச்சு வச்சிருவாங்க. இப்போ அது உள்ளங்கை அளவு பதக்கம். உள்ளூர்ப் பத்திரிகையில் நாளுக்கு ஒரு குறிப்பு வரும், மொத்தம் பன்னிரண்டு. குறிப்பு உரைநடையில் வராதுங்க. பாட்டா வரும். அடிக்கு அடி ஓசை ஒத்து வரும். நம்ம எதுகை மாதிரி வச்சுக்குங்களேன்; அவங்களுக்கு அடியின் கடைசியில் ஒக்கணும், நமக்கு முதலில் ஒக்கணும்.

முதல் பாட்டு எந்தப் பூங்காவுக்கும் பொருந்தும். இரண்டாவதும் அப்படித்தான். அதுக்குள்ளே பழைய தெருப் பேரு, இடிச்ச கட்டிடம், ஊருக்குப் பெரிய மனுஷனா இருந்தவன் கதை எல்லாம் பொதிஞ்சிருக்கும். அதைப் பிரிக்கணும்னா ஊர் வரலாறு தெரியணும். பேரன் தாத்தாகிட்ட போய், "அந்தக் காலத்தில் டிராம் எந்தப் பக்கமா போச்சு?"ன்னு கேட்கணும். பாட்டு ஏற ஏற இடம் குறுகும். கடைசிப் பாட்டு ஏறக்குறைய கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிரும். மறுநாள் பத்திரிகையில் வரப்போற பாட்டை முன்னாடியே படிக்கணும்னு, ராத்திரி அச்சகத்து வாசலில் அந்தப் பனியிலே வரிசை கட்டி நின்ன ஜனங்க அவங்க. ஆயிரக்கணக்கான பேர் மண்வெட்டியும் டார்ச் லைட்டுமா பனியைக் கிளறுவாங்க.

எதிரணி உடனே கேட்கும்: "பரிசு உண்டா, இல்லையா?" உண்டு. இப்போ 10,000 டாலர் வரைக்கும் உண்டு. நான் மறைக்கலை. ஆனா நடுவர் அவர்களே, கணக்குப் பாருங்க. பதக்கம் ஒண்ணு. தேடுறவங்க ஆயிரக்கணக்கு. பணத்துக்காக வந்தவன் ரெண்டு வருஷம் தோத்தா மூணாம் வருஷம் வருவானா? லாட்டரிச் சீட்டு வாங்கிட்டு வீட்டிலே கதகதப்பா இருப்பான். (கைதட்டல்) எழுபது வருஷத்துக்கு மேலா இது நடக்குதுன்னா, தோத்தவங்க திரும்பத் திரும்ப வர்றதாலதான் நடக்குது.

இன்னொண்ணு சொல்றேன். 1982-இல் பைரன் பிரைஸ்ங்கிறவர் ஒரு புத்தகம் போட்டார். பன்னிரண்டு ஓவியம், பன்னிரண்டு பாட்டு. பன்னிரண்டு இடத்திலே மண்ணுக்குள்ளே பீங்கான் பேழை. எடுத்துட்டு வந்தா ஏறக்குறைய ஆயிரம் டாலர் மதிப்புள்ள ஒரு ரத்தினம். 1983-இல் சிகாகோ கிராண்ட் பூங்காவில் ஒண்ணு கிடைச்சது. அடுத்தது கிளீவ்லாந்தில், எப்போ? 2004. அதுக்கு அடுத்தது பாஸ்டனில், 2019! இடையிலே, 2005-இல், புதைச்ச மனுஷன் கார் விபத்தில் போயிட்டார். எங்கே புதைச்சேன்னு சொல்லிட்டும் போகலை. மீதி ஒன்பதை இன்னும் தேடுறாங்க. ஆயிரம் டாலருக்கு நாற்பது வருஷம் எவனய்யா உழைப்பான்? கூலிக்கணக்குப் போட்டா கட்டுமா?

சரி, பணத்தைப் பெரிசா வச்சா என்ன ஆகும்? அதையும் ஒருத்தர் பார்த்துட்டார். 2010-இல் ஃபாரஸ்ட் ஃபென் என்கிற கலைப்பொருள் வியாபாரி, பத்து லட்சம் டாலருக்கு மேல் மதிப்புன்னு சொல்லப்பட்ட பெட்டியை ராக்கி மலைப்பகுதியில் ஒளிச்சு வச்சார். அவரும் பாட்டுத்தான் எழுதினார், 24 அடி. எதிரணி நண்பர்களே, அங்கே ஊர் கூடலை. அவனவன் தனியா, அடுத்தவனுக்குத் தெரியாம, ஆற்றிலும் மலைச்சரிவிலும் இறங்கினான். ஐந்து பேர் செத்துப் போனாங்க. நியூ மெக்சிகோ போலீஸ் தலைவரே, இதை நிறுத்துங்கய்யான்னு 2017-இல் வெளிப்படையா கேட்டார். 2020-இல் வயோமிங்கில் ஒருத்தர் எடுத்தார். பாட்டு இருந்தது, புதையல் இருந்தது, பணம் மலை மாதிரி இருந்தது. ஊர் எங்கே? (பலத்த கைதட்டல்)

அமெரிக்கக் கதையே சொல்றானேன்னு நினைக்காதீங்க. எங்க குடியிருப்புப் பக்கத்துப் பூங்காவில், போன கோடை லீவிலே, பிள்ளைகளுக்காக இதை நடத்திப் பார்த்தேன். பரிசு ஒரு டப்பா பனங்கற்கண்டு. (சிரிப்பு) இலக்கணம் பார்க்காம ஒரு பாட்டைக் கேளுங்க:

தண்ணி குடுத்த வாய் ஒண்ணு
கண்ணை மூடிக் கிடக்குது;
எண்ணிப் பத்தடி தள்ளிப் பார்,
மண்ணு மேல குடை நிக்குது.

பிள்ளைகளுக்குப் பிடிபடலை. குடைன்னா மரம்னு ஒரு பொண்ணு சொல்லிட்டா. பூங்காவிலே மரத்துக்கா பஞ்சம்? வாய் எதுன்னு தெரியலை. அங்கே கடைசி பெஞ்சில் தினமும் ஒரு பெரியவர் தனியா உட்கார்ந்திருப்பார். வருஷக்கணக்கா பார்க்கிறோம், ஒருத்தரும் பேசினதில்லை. பிள்ளைங்க போய் அவர்கிட்ட பாட்டைப் படிச்சுக் காட்டிச்சுங்க. அவர் சிரிச்சிட்டு, "அது மூடின கிணறுடா. சிமெண்ட் பலகை போட்டிருக்கு பாரு. நான் நீச்சல் பழகினதே அதுலதான்"னு சொல்லி எழுந்து நடந்தார். பின்னாடி பதினைஞ்சு பிள்ளைங்க. கிணத்துக்குப் பக்கத்திலே என்ன இருந்தது, எத்தனை படி, யார் வீட்டு மாடு விழுந்ததுன்னு கதை ஓடுது. கற்கண்டு டப்பாவை எடுத்தவன் யாருன்னு எனக்கே ஞாபகம் இல்லை. அந்தப் பெரியவர் பேரு இன்னைக்கு எங்க குடியிருப்பிலே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

எதிரணித் தலைவர் லட்ச ரூபாய் போர்டு வைக்கட்டும், நடுவர் அவர்களே. அந்த பெஞ்சுக்குப் போய் யார் பேசுவாங்கன்னு அவரையே கேளுங்க. மணி அடிச்சிட்டீங்க, இன்னும் ரெண்டு பாட்டு கையில இருக்கு, விட்டுடறேன். (சிரிப்பு)