ஆறு மாதமல்ல, பத்து வருடம்



திருவனந்தபுரம் கழக்கூட்டத்தை அடுத்த தும்பா என்றதும் 1963இல் அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் நினைவுக்கு வரும். அதே தும்பாவில் உள்ளங்கையில் அடங்கிவிடும் இன்னொரு பொருளும் உருவாகிறது. செயற்கை இதய வால்வு. ஓர் உலோக வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு பிளாஸ்டிக் தட்டு, இதயத்தோடு வைத்துத் தைப்பதற்கு ஓரத்தில் பாலியஸ்டர் துணி. அவ்வளவுதான். இதைச் செய்வது சென்னையின் டி.டி.கே. நிறுவனம், கண்டுபிடித்துக் கொடுத்தது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம்.

சின்ன வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வலியுமாக வரும் வாதக் காய்ச்சல், பிற்காலத்தில் இதய வால்வைக் கெடுத்துவிடக்கூடும். ஏழைக் குடும்பங்களில் அதிகம் காணும் நோய் இது. இந்த வால்வு உருவாவதற்கு முன் மாற்று வால்வு வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும்; விலையோ எட்டாத உயரம். அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், "நாமே செய்வோம்" என்று இறங்கினார். சித்திரைத் திருநாள் நிலையத்தின் ஆஸ்பத்திரி மெடிக்கல் காலேஜ் வளாகத்தில். ஆய்வகங்கள் பூஜப்புரையில் அரச குடும்பத்தின் பழைய அரண்மனையில். மருத்துவரும் பொறியாளரும் ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்கினார்கள்.

வேலை எளிதாக முடியவில்லை. நம் இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. வால்வும் அத்தனை முறை திறந்து மூட வேண்டும். ஒரு மாதிரியில் தட்டைத் தாங்கும் கம்பி வெல்டிங் வைத்த இடத்தில் முறிந்தது. இன்னொன்றில் நீலக்கல் படிகத் தட்டு உடைந்தது. மூன்று மாதிரிகள் இப்படிப் போயின. உடைந்ததெல்லாம் இயந்திரத்திலும் ஆட்டின் உடலிலும்தான். மனித நெஞ்சில் அல்ல. ஆய்வகம் இருப்பதன் பொருளே அதுதான். நான்காவது மாதிரி தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இன்றுவரை 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. ராத்திரி வீடு அடங்கிய பிறகு காது கொடுத்தால், பொருத்திக்கொண்டவருக்கே வால்வின் 'டிக், டிக்' சத்தம் கேட்கலாம்.

இந்தப் பொறுமையைப் புத்தகம் கற்றுத் தராது. கூடவே இருந்து பழக வேண்டும். அதனால்தான் மேற்படிப்பு முடித்த நரம்பியல், இதயநோய் மருத்துவர்களும் சித்திரைத் திருநாள் நிலையத்துக்குப் போய், வலிப்பு நோய், பக்கவாதம், இதயத் துடிப்புக் கோளாறு என்று ஒரே துறையில் மேலும் பயிற்சி பெறுகிறார்கள். காலையில் நோயாளியிடம் எழுந்த கேள்வியை மாலையில் ஆய்வுக்காரர்களிடம் கொண்டுபோகலாம். சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., சித்திரைத் திருநாள் நிலையம் மூன்றும் சேர்ந்து மருத்துவப் பொறியியலில் எம்.டெக். படிப்பும் நடத்தியிருக்கின்றன. பொறியாளர் வார்டுக்குள் நின்று கற்கும் படிப்பு அது.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் அரசும் சரி, பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் சரி, ஆறு மாதத்தில் பலனைக் கேட்காதீர்கள். வலியத்தான் குழுவுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அந்தப் பத்து வருடத்தை அன்று நம்பிக் கொடுத்தார்கள். அதனால் இன்று எத்தனையோ பேர் மூச்சு விடுகிறார்கள். அடுத்த பத்து வருடத்தை நாம் கொடுப்போம்.