காஞ்சிபுரத்துல ஏதுங்க கடல்?

நான் நேவி என்.சி.சி.ல இருந்தேன்னு சொன்னா எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "காஞ்சிபுரத்துல ஏதுங்க கடல்?" கோயில் குளமும் ஏரியும்தான் இருக்கு. மாமல்லபுரத்தைத் துறைமுகமா வச்சிருந்த பல்லவர்களோட தலைநகரம்னு வேணும்னா பெருமை பேசிக்கலாம்.

என்.சி.சி. 1948ல ஆரம்பிச்சது. கடற்படைப் பிரிவு 1952ல. சென்னையில காலேஜ் சேர்ந்ததும் அதுல பேர் கொடுத்தேன். சிக்கல் வீட்டுல.

எங்களோடது கோர்வைத் தறி. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேற நிறம். மூணு நாடா ஓடணும். நெய்யிறவர் ஒருத்தரால முடியாது. பக்கத்துல இன்னொருத்தர் உட்கார்ந்து ஒரு கரைக்கு நாடா போடணும். பெரிய காஞ்சிபுரத்துல நிறைய வீட்டுல அந்த இன்னொருத்தர் பிள்ளைங்கதான். எங்க வீட்டுல நான். வருஷ முகாம் 10 நாள். அந்த 10 நாளும் கூலிக்கு ஆள் வைக்கணும், இல்லன்னா தறி நிக்கும். புடவையை அறுத்துக் கொடுத்தாத்தான் கையில காசு. ஒழுக்கம், தலைமைப் பண்புன்னு நோட்டீஸ்ல இருக்குறதை அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? கடைசியில அம்மா உட்கார்ந்தாங்க, சமையலையும் பார்த்துக்கிட்டு.

முகாம்ல எனக்குப் பிடிச்சது வேலர் படகு. 27 அடி நீளம், 5 துடுப்பு: ஒரு பக்கம் 3, மறுபக்கம் 2. சுக்கானைப் பிடிக்கிறவர் காக்ஸ்வெயின். வலிக்கிறவங்க போற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரணும். எங்க போறோம்னு தெரியாது. ஸ்ட்ரோக்ல இருக்குறவங்க துடுப்புதான் எல்லாருக்கும் தாளம். பலசாலி ஒருத்தர் அவசரப்பட்டாப் போதும், துடுப்பு ஒண்ணோட ஒண்ணு முட்டும். எனக்கு இது பழகின கணக்கு. அப்பா மிதிக்கிற மிதிக்கு நாடா விட்ட கை இல்லையா? வீட்டுல கத்துக்கிட்டதுக்கு முகாம்ல 'டீம் ஒர்க்'னு பேரு!

சேரப்போறவங்களுக்கு ஒண்ணு. காலேஜ்ல 'பி' எழுதி அப்புறம் 'சி' சர்டிஃபிகேட். 'சி' இருந்தா வேலை நிச்சயம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மத்த தகுதியும் இருந்தா, அதிகாரி வேலைக்கு எஸ்.எஸ்.பி. தேர்வு வரைக்கும் போக அது ஒரு வழி. அங்க 5 நாள் உங்களைச் சலிச்சு எடுப்பாங்க.

அதைவிட முக்கியம், நீங்க இல்லாத நாள்ல உங்க வேலையை யார் பார்ப்பாங்கன்னு முன்னாடியே வீட்டுல பேசிடுங்க. அடுத்த வருஷம் முகாம் தேதி வந்ததும் அப்பாவே காலண்டரைப் பார்த்து, அதுக்கு முன்னாடி புடவையை அறுக்குற மாதிரி வேலையை முடுக்கிட்டார்.