பாவைக்கு உடுத்தும் கையும் பேழையைப் பூட்டும் கையும்



கணிப்பொறித் திரையில் ஒரு பெண்ணுருவம் நிற்கிறது. அதன் ஒருபுறம் ஆடைகள், மறுபுறம் அணிகள், கீழே பலவகைக் கூந்தல்கள். ஒரு சிறுமி சுட்டியால் மேலாடை ஒன்றைப் பற்றி இழுத்து அவ்வுருவத்தின்மேல் விடுகிறாள். அது தோளில் வந்து பொருந்துகிறது. பிடிக்கவில்லையா? களைந்து விட்டு வேறொன்றை உடுத்துகிறாள். இவ்வாட்டத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, எதிரியும் இல்லை. குழந்தை விளையாட்டுத்தானே என்று பெரியவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்து விடுகின்றனர். ஆனால் இத்தகைய விளையாட்டு ஒன்றின் பொருட்டு 2020ஆம் ஆண்டில் இரண்டு நாட்டு மக்கள் ஒருவரையொருவர் வசைபாடிக் கொண்டனர். ஒரு நாட்டு மகளிரின் ஆடைப்பேழை முழுவதும் ஒரே அறிவிப்பில் பூட்டப்பட்டது. அதனை அறிந்தவர் அத்துணை எளிதில் நகரமாட்டார்.

பாவைக்கு ஒப்பனை செய்தல் நேற்று முளைத்த பழக்கம் அன்று. புறநானூற்றில் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணி இரங்கும் பாட்டில், மணலாற் செய்த பாவைக்குப் பூச்சூட்டும் மகளிர் வருகின்றனர். கோரையால் முடைந்த பாவையும் கழகக் காலச் செய்யுள்களில் உண்டு. மரப்பாச்சிக்குக் கந்தல் துணியில் சேலை கட்டி மகிழ்ந்த பாட்டிமார் இன்றும் ஊர்தோறும் உளர். இவற்றிலெல்லாம் ஒன்றைக் கருத வேண்டும். பூ, சிறுமி தானே கொய்தது. மணல், ஊர்க்கரையில் கிடந்தது. கந்தல், அவள் தாயின் பழஞ்சேலையில் கிழித்தது. உடுத்தும் கையும் ஆடையைத் தேடித் தரும் கையும் ஒன்றாகவே இருந்தன.

அவ்விரு கைகளும் பிரிந்தது அச்சுப் பொறியின் காலத்தில். இலண்டனில் 1810ஆம் ஆண்டு புல்லர் என்னும் பதிப்பாளர் 'சிறுமி பேனியின் வரலாறு' என்றொரு சிறு நூலை வெளியிட்டனர். தாளில் வெட்டிய ஆடையுருவங்கள் பல. அவற்றிற்கெல்லாம் தலை மட்டும் ஒன்றே. கதை நகர நகரத் தலையைக் கழற்றி அடுத்த ஆடையில் செருக வேண்டும். அழகிய உடையில் செருக்குற்ற சிறுமி அதனை இழந்து எளிய உடைக்கு இறங்கித் திருந்தி மீள்வதே கதை. எந்த உடை செருக்கின் உடை, எந்த உடை பணிவின் உடை என்பதை அச்சிட்டவரே வகுத்து விட்டார். ஆடையோடு அதன் பொருளும் கடையிலிருந்து வந்தது.

தாளில் நடந்தது பின்னர்க் கணிப்பொறியில் நடந்தது. 1991இல் சப்பானில் 'கிசெக்கே' என்னும் உடைமாற்று மென்பொருள் தோன்றியது. 1996இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் தன் பார்பிப் பாவைக்கு ஆடை வகுக்கும் வட்டு ஒன்றைக் கொணர்ந்தது. திரையில் வகுத்த ஆடையைத் துணி ஒட்டிய தாளில் அச்சிட்டு, வீட்டிலிருக்கும் பாவைக்கே உடுத்தலாம். வெளிவந்த இரண்டு திங்களில் ஐந்து இலக்கத்திற்கு மேல் விற்றதாம். கணிப்பொறி ஆட்டம் என்றால் சுடுவதும் ஓட்டுவதுமே என்றும், பெண்பிள்ளைகள் அவற்றை வாங்கார் என்றும் அதுகாறும் இருமாந்திருந்த வணிகர் கண்விழித்துக் கொண்டனர். 2004இல் பின்லாந்துப் பெண்மணி ஒருவர் தொடங்கிய தாட்பாவைத் தளம், பின்னர் 'சுடார்டால்' என்னும் பெயரில் உலகெங்கும் பரவிற்று.

இவ்வாட்டத்தின் உள்ளமைப்பு மிக எளிது. உருவம் ஓர் ஓவியம். ஒவ்வோர் ஆடையும் அவ்வுருவத்தின் நிலைக்கும் அளவுக்கும் ஒத்து வரைந்த தனி ஓவியம். எது அடியில், எது மேலே என்னும் அடுக்குமுறை முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். உலாவியில் இவற்றை இயக்கியது பெரும்பாலும் 'பிளாசு' என்னும் மென்பொருள். சிறுமி எத்தனை முறை மாற்றினாலும் வரைந்து வைத்ததற்கு அப்பால் ஒரு நூலிழையும் அவளால் சேர்க்க இயலாது. உடலின் அளவும் ஒன்றே; பெரும்பாலானவற்றில் அது மெலிந்த இடையும் நீண்ட காலும் உடைய மேலைநாட்டு உடலே. தேர்வு அவளுடையது, தேர்வின் எல்லையோ வரைந்தவருடையது.

எல்லை மட்டுமா? பெயரும் அவருடையதே. 'இந்திய மணமகள்' என்னும் பெயரிலேயே எத்தனையோ ஆட்டங்கள் உலாவியில் உலவின. சிவப்புத் துணி, நெற்றியில் சுட்டி, மூக்கில் பெருவளையம், கைநிறைய மருதாணி. இந்திய மணப்பெண் ஆயத்தம்! பஞ்சாபியளும் வங்காளியளும் தமிழச்சியும் ஒரே பேழைக்குள் ஒரே சிவப்பாகிப் போயினர். காஞ்சிப் பட்டின் கோர்வைக் கரையையோ, காரைக்குடிக் கண்டாங்கியின் கட்டத்தையோ, சுங்குடியின் முடிச்சுப் புள்ளியையோ வரைந்தவர் கண்டிருக்கவும் மாட்டார். இதில் வஞ்சம் ஒன்றும் இல்லை, அறியாமையும் அவசரமுமே. ஆயினும் அதைக் கொண்டு ஆடும் எட்டகவைச் சிறுமிக்கு அந்தப் பெயர்தான் பாடம்.

பெயரில் என்ன இருக்கிறது என்பார்க்குக் கொரியரின் பட்டறிவு விடை சொல்லும்.

ஒப்பனை ஆட்டங்கள் உலாவியினின்று கைப்பேசிக்குக் குடிபெயர்ந்த பின்னர், அத்துறையில் ஓங்கி நின்றது 'பேப்பர் கேம்சு' என்னும் சீன நிறுவனம். (பெயரில் மட்டும் தாளை வைத்துக் கொண்டது போலும்!) அதன் 'சைனிங் நிக்கி' என்னும் ஆட்டம் 2020 அக்டோபர் இறுதியில் தென்கொரியாவில் வெளியாயிற்று. வெளியீட்டை முன்னிட்டுக் கொரியரின் மரபுடையாகிய 'ஆன்போக்' அதன் பேழையில் சேர்க்கப்பட்டது. குறுகிய மேற்சட்டை, மார்பில் முடிந்து தொங்கும் நாடா, மார்பளவிலிருந்து விரிந்து இறங்கும் பாவாடை; கொரியப் பெண்கள் உவந்து தம் பாவைக்கு உடுத்தினர்.

சீனத்து ஆட்டக்காரர் பலர் வெகுண்டெழுந்தனர். இது கொரியருடையது அன்று. சீனரின் 'ஆன்பூ' உடையே என்றனர். கொரிய உடை என்று குறிக்கலாகாது என்றனர். இரு பெயர்களையும் சீன எழுத்தில் எழுதிப் பார்த்தால் ஒரு புதுமை தோன்றும். 'உடை' என்னும் பின்னெழுத்து இரண்டிலும் ஒன்றே. 'ஆன்' என்னும் முன்னெழுத்து மட்டும் ஒலியால் நெருங்கி வடிவால் வேறுபடும். ஒன்று கொரியரைக் குறிப்பது, மற்றொன்று சீனப் பேரினத்தைக் குறிப்பது. அந்த ஓரெழுத்தில்தான் ஒரு மக்களின் தனித்தன்மை நிற்கிறது.

வரலாறு என்ன சொல்கிறது? கொரிய அரசவை மிங்கு அரசின் அலுவலர் உடையை ஏற்றதும் மெய். மங்கோலியர் ஆண்ட காலத்துச் சீனத் தலைநகரில் கொரியப் பாங்கு உடை பரவியதும் மெய். அண்டை மக்களிடையே துணியும் தையலும் சென்று வருதல் இயல்பு. கொண்டும் கொடுத்தும் வளர்ந்தமையாலேயே ஓருடை அதனைத் தலைமுறை தலைமுறையாய் உடுத்தி வந்தவருடையது ஆகாமற் போய்விடாது. கோகுரியோ அரசின் கல்லறைச் சுவரோவியங்களில் சட்டையும் பாவாடையுமாக மகளிர் நிற்பதை இன்றும் காணலாம்.

நிறுவனம் இரண்டு பக்கமும் பார்த்தது. பெரிய சந்தையின் பக்கம் சாய்ந்தது. ஆன்போக் பேழையினின்று அகற்றப்பட்டது. கொரியர் சினந்தனர். 2020 நவம்பர் 5ஆம் நாள், தாய்நாட்டின் மதிப்பைக் காக்க வேண்டும் என்று கூறி, கொரிய ஆட்டத்தையே மூடுவதாக அறிவித்தது. வெளியாகி இரண்டு கிழமைகூட ஆகவில்லை. பணம் கொடுத்துச் சேர்த்த ஆடைகள், பாவைக்குத் தேர்ந்தெடுத்த கூந்தல், இரவெல்லாம் அமைத்த ஒப்பனை அனைத்தும், வேறு நாட்டில் இருக்கும் வழங்கியோடு போயின. மரப்பாச்சியின் கந்தற்சேலையை எவரும் இவ்வாறு தொலைவிலிருந்து உருவிக் கொள்ள முடிந்ததில்லை.

அந்த ஆண்டின் முடிவிலேயே உலாவி ஆட்டங்களுக்கும் பொழுது சாய்ந்தது. அடோபி நிறுவனம் பிளாசுக்கான ஆதரவை 2020 திசம்பர் 31ஓடு நிறுத்தி, 2021 சனவரி 12 முதல் அது இயங்காவாறு தடுத்தது. கணக்கற்ற ஒப்பனை ஆட்டங்கள் வெற்றுக் கட்டங்களாயின. 2018 முதலே தன்னார்வலர் சிலர் அவற்றைத் தேடித் திரட்டிப் 'பிளாசுபாயிண்டு' என்னும் காப்பகத்தில் சேர்த்து வந்தமையால் ஒரு பகுதி பிழைத்தது. விற்றவர் கைவிட்டதை ஆடியவர் காத்தனர்.

கொரியரின் பேச்சு ஆட்டத்தோடு முடியவில்லை. 2022 பிப்பிரவரி 4இல் பெய்சிங்குப் பனிக்கால ஒலிம்பிக்குத் தொடக்க விழாவில், சீனத்தின் சிறுபான்மை இனங்களுள் ஒன்றைக் குறித்து ஒரு பெண் ஆன்போக் உடுத்தி வந்தாள். சீனத்தில் கொரிய இனத்தார் ஏறத்தாழப் பதினேழு இலக்கம் பேர் வாழ்கின்றனர். அவர்களுக்கும் அது மரபுடையே. தம் பாட்டியின் உடையை அவர்கள் உடுத்தலாகாது என்று எவர் சொல்ல முடியும்? சீயோலில் எழுந்த சினத்தில் ஒரு பங்கு, இந்த உடன்பிறப்புகளை மறந்த சினம். ஆயினும் ஓராண்டுக்குச் சற்று முன்புதான் அவ்வுடையின் பெயரையே மறுத்த குரல்களைக் கேட்ட செவிகள் அவை.

அவ்வாண்டு சூலைத் திங்களில் தென்கொரிய அரசு 'ஆன்போக் வாழ்வியலை' நாட்டின் தொட்டறியாப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. ஓர் உடையை மட்டும் அன்று. அதனைத் தைத்தலும், திருநாளிலும் மணநாளிலும் முறைப்படி உடுத்தலும் அதில் அடங்கும். இத்தகைய கலைகளுக்கு வழக்கமாக ஒரு கலைஞரையோ குழுவையோ உரிமையாளராகக் குறிப்பர். இதற்கு அவ்வாறு எவரையும் குறிக்கவில்லை. உடுத்தும் மக்கள் அனைவரும் அதன் உரிமையாளர் என்பதே அதற்குக் காட்டிய காரணம்.