நோயை மறைத்தல் அன்பாகுமா?



விழா மேடையில் புற்றுநோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் முதலிடத்தில் நிற்பது மார்பகப் புற்றுநோய். ஆதலின் இதனைப் பேசாது ஒதுக்க இயலாது. மருத்துவம் மருத்துவர்க்கு உரியது. இங்கு எடுத்துக்கொண்ட பொருள், நோய் இன்னதென்று உறுதியான முதற் சில நாள்களில் வீட்டார் செய்யும் ஒரு செயலைப் பற்றியது.

திசு ஆய்வின் அறிக்கை வருகிறது. மகன் படிக்கிறான், மருமகன் படிக்கிறார், வெளியூர் உறவினர்க்குக் கைப்பேசியில் படமாகச் செல்கிறது. வேகமாக வளரும் வகை என்று அறிந்ததும் எல்லாரும் கூடி முடிவு செய்கின்றனர்: "அம்மாவிடம் சொல்ல வேண்டா. வெறும் கட்டி என்று சொல்வோம். அவர் தாங்கமாட்டார்." அறிக்கையைப் படிக்காதவர் ஒருவரே, அது யாருடையதோ அவர்.

இவ்வழக்கம் நம்மிடையே மட்டும் உள்ளதன்று. அமெரிக்கக் கடலியல் அறிஞரும் எழுத்தாளருமான ரேச்சல் கார்சன் அம்மையார், பூச்சிக்கொல்லிகளின் தீமையை ஆராய்ந்து 'மௌன வசந்தம்' என்னும் நூலை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1960 ஏப்ரலில் அவருக்கு மார்பக அறுவை நடந்தது. இது புற்றுநோயா என்று அவர் வெளிப்படையாகவே கேட்டார். அறுவை செய்த மருத்துவர் உண்மையைக் கூறவில்லை. மேற்சிகிச்சை எதுவும் தேவையில்லை என்றே அம்மையார் நம்பியிருந்தார். அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் ஒரு கட்டி தோன்றியது. கிளீவ்லாந்து நகரத்து மருத்துவர் ஜார்ஜ் கிரைல் என்பாரை அவர் அணுகிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. அதற்குள் பல மாதங்கள் கழிந்திருந்தன. உயிரியல் கற்ற ஒருவருக்கே, அவர் உடலைப் பற்றிய செய்தி மறுக்கப்பட்டது. அறிந்த பின் அவர் ஒடுங்கிவிடவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றுக்கொண்டே எழுதினார். 1962-இல் நூல் வெளிவந்தது. 1963-இல் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் சான்றளித்தார். 1964 ஏப்ரலில், தம் 56-ஆம் அகவையில் மறைந்தார். எஞ்சிய காலம் எத்தகையது என்று அறிந்ததனால், அக்காலத்தை எதற்குச் செலவிடுவது என்று அவரே முடிவு செய்ய முடிந்தது.

1961-இல் சிகாகோ நகர மருத்துவர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ நூற்றுக்கு 90 பேர் புற்றுநோயை நோயாளியிடம் கூறுவதில்லை என்றனர். 1979-இல் அமெரிக்காவில் அதே வினா மீண்டும் கேட்கப்பட்டபோது நூற்றுக்கு 97 பேர் கூறுவதையே விரும்பினர். மருத்துவ உலகம் மாறிவிட்டது. வீடுகள் மாறவில்லை.

மறைப்பதால் விளையும் தீங்கு மனத்துயரோடு முடிவதன்று. கீமோதெரபி என்னும் மருந்தேற்றம் நடந்து ஒன்று, இரண்டு வாரங்களில் குருதியின் வெள்ளணுக்கள் குறைந்துவிடும். அந்நாள்களில் 100.4 டிகிரி பாரன்ஹீட் அளவு காய்ச்சல் கண்டாலே, இரவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காலந்தாழ்த்தினால் உயிருக்கே இடையூறு நேரலாம். தமக்கு ஏற்றப்படுவது 'சத்து மருந்து' என்று எண்ணியிருக்கும் தாய் என்ன செய்வார்? ஒரு காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு, யாரையும் எழுப்பாமல் படுத்துக்கொள்வார். தசலட்சண நாள்களில் வழக்கம்போல் உபவாசமும் மேற்கொள்வார். வாந்தியால் நீர் வற்றிய உடலுக்கு அது எத்துணைக் கேடு என்பதை அவர் அறியார்; அறிந்த மகன் வாய்திறக்க மாட்டான். நோன்பை எவ்வாறு அமைத்துக்கொள்வது, இரவில் உட்கொள்ளவேண்டிய மாத்திரைக்கு என்ன செய்வது என்பனவற்றை மருத்துவரிடமும் அறநெறி அறிந்த பெரியோரிடமும் கேட்டுத் தெளிய அவருக்கு வாய்ப்பே இல்லாமற் போகிறது.

'தீவிரமான வகை' என்னும் சொல்லே வீட்டாரை அஞ்சச் செய்கிறது. அச்சொல் குறிப்பது புற்றணுக்கள் விரைந்து பெருகும் இயல்பை. நோய் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு அழுவோர் பலர். விரைந்து பெருகும் அணுக்களே கீமோதெரபிக்குப் பெரும்பாலும் நன்கு கட்டுப்படுவன. எச்.இ.ஆர்.-2 என்னும் புரதம் மிகுந்த வகை ஒருகாலத்தில் மிகவும் அஞ்சப்பட்டது. அப்புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தபின் அவ்வகையின் கதையே மாறியது. இன்று அதற்கு இணையான மருந்து இந்தியாவிலும் உருவாக்கப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, எச்.இ.ஆர்.-2 மிகை ஆகிய மூன்றும் இல்லாத 'டிரிபிள் நெகட்டிவ்' வகை இன்னும் கடினமானதே, அதனை மறுப்பதற்கில்லை. எனினும் அதற்கும் மருத்துவம் உண்டு. இவ்விரு வகைகளிலும் அறுவைக்கு முன்னரே மருந்தேற்றுவது பெருவழக்கு. ஆகவே "ஏன் உடனே அறுத்து எடுக்கவில்லை?" என்று மருத்துவரோடு சண்டையிட வேண்டியதில்லை. மூன்று சோதனைகளின் முடிவுகளும் வரும்வரை சில நாள் பொறுத்திருப்பதும் தவறன்று.

இன்னொன்றையும் கருதவேண்டும். சில குடும்பங்களில் இந்நோய்க்கான மரபணு மாற்றம் வழிவழியாக வருகிறது. அது தாய்வழி மட்டுமன்றித் தந்தைவழியும் வரும். மகளின் திருமணம் தடைப்படும் என்று அஞ்சி நோயை மறைப்போர், அம்மகள் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியையும் அடைக்கின்றனர். வரன் அமைவதைவிட மகள் உயிரோடிருப்பது பெரிதன்றோ!

"எல்லாம் வினைப்பயன்" என்று நோயாளியின் காதுபடக் கூறுவோரும் உளர். அசாதா வேதனீயம் என்று நூல்கள் கூறுவது உண்மை. அது துன்புறுபவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காகக் கூறப்பட்டதன்று. நோயுற்றார்க்குப் பணிபுரியும் வையாவிருத்தியத்தை அகத்தவங்களுள் ஒன்றாக வைத்ததும் அதே நூல்களே. ஆசாரியர் சமந்தபத்திரர் தீராப் பசிநோயால் வருந்தியபோது சல்லேகனைக்கு இசைவு வேண்டினார் என்றும், குரு அதனை மறுத்து, நோயைத் தீர்த்துக்கொண்டு மீண்டும் துறவு ஏற்குமாறு பணித்தார் என்றும் மரபு கூறும். அவர் இயற்றிய இரத்தினகரண்ட சிராவகாசாரம், நோயை முன்னிட்டுச் சல்லேகனை கூறும் இடத்தில், தீர்வற்ற நோயையே குறிக்கிறது. மருத்துவம் இருக்கும் நோயில் அச்சொல்லை எடுப்பது பொருந்தாது.

எவ்வாறு சொல்வது? முதலில் அவரையே கேட்கவேண்டும்: "அம்மா, அறிக்கை வந்துவிட்டது. எல்லாவற்றையும் டாக்டரே உங்களிடம் சொல்லட்டுமா?" சிலர் "வேண்டா, நீயே கேட்டுக்கொள்" என்பர். அதுவும் அவர் முடிவே. அவரைக் கேட்டபின் எடுத்த முடிவு. கேட்க விழைவோர்க்கு அவர் விரும்பும் ஒருவர் துணையிருக்க, மருத்துவர் நேரில் கூறட்டும். துணையிருப்பவர் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். அதிர்ச்சியில் கேட்பவை நினைவில் நிற்பதில்லை. ஒரே நாளில் எல்லாம் சொல்லி முடிக்கவேண்டும் என்பதுமில்லை. அவர் அழுதால் அழட்டும். உடனே ஆறுதல் உரைக்க விரையாமல் அருகில் அமர்ந்திருப்பதே போதும்.

முடி உதிர்வதையும் முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று. பல மருந்துகளில் முதல் ஏற்றத்துக்குப் பின் இரண்டு, மூன்று வாரங்களில் அது தொடங்கும். மருந்து முடிந்தபின் பெரும்பாலும் மீண்டும் வளரும். சிலர் அக்காலத்தில் கூச்சத்தால் ஆலயத்துக்கும் வாராது வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகின்றனர். கேசலோசனம் செய்த ஆர்யிகைகளைக் கைகூப்பி வணங்கும் சமூகம் இது. முடியிழந்த ஒரு தாய் வாசலில் தயங்கி நின்றால், உற்றுப் பார்க்காமல் "வாங்கம்மா" என்று அழைத்துப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளலாம்.