சட்டையில் ஒட்டிவரும் சிகரெட் வாடை



ஜித்ரா பட்டணத்திலே சிகரெட் புகைத்துவிட்டு வீடு திரும்பும் தகப்பனார், மிட்டாய் மென்று வாயை மணக்கச் செய்துகொள்கிறார். ஆனால் புகையிலுள்ள நிக்கோட்டினும் தாரும் தலைமுடியிலும் விரலிலும் சட்டைத் துணியிலும் படிந்தே இருக்கின்றன. தோளில் சாயும் கைக்குழந்தை அதைத்தான் முகர்கிறது. காலரைச் சப்பி விழுங்கவும் செய்கிறது.

ஆகவே, பவுடரோ அத்தரோ பூசி வாடையை மறைப்பதால் பயனில்லை. சட்டையை மாற்றி, சவர்க்காரம் போட்டுத் தலையோடு குளித்த பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

துணியை எப்படித் துவைப்பது? ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை காடி கலந்து, அரைமணி நேரம் ஊறவையுங்கள். கடையில் ‘சுக்கா’ என்று கேட்டால் கொடுப்பார்கள். புளித்த நீரில் நிக்கோட்டின் எளிதில் கரையும். பிறகு சவர்க்காரம் போட்டு அலசி, வெயிலில் காயப்போடுங்கள். ஒன்று கவனம்: காடியோடு குளோராக்ஸைச் சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

2019 ஜனவரி 1 முதல் நம் நாட்டு உணவுக் கடைகளில் புகைக்கத் தடை உள்ளது. அதே கட்டுப்பாட்டை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாமே! புகைப்பதையே நிறுத்தினால் துவைக்கும் வேலையும் மிச்சம். நிறுத்த நினைப்பவர்களுக்கு அரசாங்க கிளினிக்குகளில் உதவி உண்டு; கூச்சப்படாமல் கேளுங்கள்.