இலையால் மட்டும்தான் முடியுமா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐயப்பன்தாங்கலில் என் வகுப்பில் ஒருநாள் ஒளிச்சேர்க்கைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், பூந்தமல்லி ரோட்டுல லாரி விடுற புகையை இலை மாதிரி நாமளும் ஏதாவது பொருளா மாத்த முடியாதா?" என்று கேட்டாள். "அது இலையால மட்டும்தான் முடியும், உட்காரும்மா" என்றேன். பாடத்தை முடிக்கும் அவசரம் எனக்கு.

அன்றிரவு தேடிப் படித்தபோதுதான் என் பதில் தவறு என்று தெரிந்தது. 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடின் மீது ஒளியைச் செலுத்தி நீரைப் பிரித்துக் காட்டினார்கள். 1979இல் அவர்களும் சக ஆய்வாளர்களும் குறைகடத்தித் தூள்கள் கலந்த நீரில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி, ஒளி பாய்ச்சி, ஃபார்மிக் அமிலம், மெத்தனால் போன்றவற்றைச் சிறிதளவு பெற்றார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு வேறெதுவும் அல்ல; சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டில் இருப்பதுதான். அதற்கு மூலமான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது.

வகுப்பில் இதை எளிதாகச் சொல்லலாம். ஒளி பட்டதும் தூளில் உள்ள எலக்ட்ரான் எழும்புகிறது. அதன் இடத்தில் ஒரு துளை விழுகிறது. எலக்ட்ரான் கார்பன் டை ஆக்சைடுக்குப் போகிறது. துளை, நீரிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. ஆற்றலைத் தருவது ஒளி. வினையூக்கி வழியை மட்டுமே திறந்துவிடுகிறது. வினையூக்கியே ஆற்றல் தருவதாக நினைக்கும் மாணவர்களுக்கு இது நல்ல விளக்கம்.

பிறகு ஏன் இன்னும் ஆலைகள் வரவில்லை? எழும்பிய எலக்ட்ரான் பெரும்பாலும் உடனே துளைக்குள் திரும்பி விழுந்துவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு எளிதில் வினைபுரியாத மூலக்கூறு. டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாக்கதிரை மட்டுமே ஏற்கும். சூரிய ஒளியில் அது ஏறக்குறைய 5 சதவீதம்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யும் வினையூக்கியை உலகெங்கும் தேடுகிறார்கள். நமக்குப் பக்கத்தில், சென்னை ஐஐடியின் தேசிய வினையூக்க ஆராய்ச்சி மையத்திலும் இந்த ஆய்வு நடந்திருக்கிறது.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினேன். அந்த மாணவி, "அப்போ மீதியை யார் கண்டுபிடிப்பாங்க டீச்சர்?" என்றாள்.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இந்தக் கேள்வி வந்தால் "முடியாது" என்று சொல்லாதீர்கள். "மரமே வேண்டாம், இயந்திரம் பார்த்துக்கொள்ளும்" என்றும் சொல்லாதீர்கள். "தொடங்கியிருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை" என்று சொல்லுங்கள். மீதியைச் செய்யப்போகிறவர் நம் வகுப்பில் இருக்கலாம்.